பேப்பர் கவரில் மடித்துக் கொடுத்த ஸ்டிரிப்

சனிக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடம். இவ்வளவு சரியாக நேரம் தெரிவது என் ஞாபகசக்தியால் அல்ல. சுகர் மெஷின் எண்ணோடு நேரத்தையும் பதிந்து வைத்துக்கொள்ளும். 4.10க்கு இருநூற்று ஐம்பத்தெட்டு. 4.13க்கு இருநூற்று நாற்பத்தாறு. இந்த இரண்டு எண்களையும் நம்பித்தான் என் மகளுக்கு நான் ஊசி போட்டேன்.

மருந்துக்கடைக் கவுன்ட்டரில் புதிதாக நிற்கத் தொடங்கியிருக்கும் உங்களோடு பேசச் சொல்லி முதலாளி என்னைக் கூப்பிட்டார். பேச எழுந்தால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன் என்று தெரியும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். ஆர்.எஸ்.புரத்தில் இதே கவுன்ட்டரில் இருபத்திரண்டு வருடம் நின்றேன். மாத்திரைப் பெயர்கள், கம்பெனிகள், பில் போடுவது எல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே வந்துவிடும். நான் சொல்லப்போவது, வீட்டில் வைத்துப் பார்க்கும் சுகர் மெஷினை விலை பார்த்துத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி மட்டும். அந்த ஒன்றில் மற்றவர்களைவிட நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். கொடுமுடிப் பக்கம் கரும்பாலையில் வெல்லப்பாகு இறக்குகிற ஒரு பெரியவர் எங்களிடம் மெஷின் வாங்கிப் போனார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"ஏனுங்க அம்மணி, இந்த மிசினு என்னையக் கொல்லப் பாக்குதுங்க. முந்தாநாளு நானூறுங்குது, நேத்து முந்நூத்தி அம்பதுங்குது. ஆசுபத்திரில பாத்தா நூத்தி அறுவதுங்கறாங்க. நான் யாரைத்தான் நம்பறது?"

சொல்லிக்கொண்டே துணிப்பையிலிருந்து அச்சு வெல்லத்தை எடுத்து, கடையில் எல்லோருக்கும் என்று மேசைமேல் வைத்தார். நான் அவர் விரலைப் பார்த்தேன். "இங்கேயே ஒருக்கா பாருங்க" என்றேன். பார்த்தார். முந்நூற்றுத் தொண்ணூறு. உள்ளே கூட்டிப்போய் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, துடைத்துவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். நூற்று ஐம்பத்தாறு.

அவர் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப சக்கரை என்ற ரத்தத்துல இல்லீங்களா, வெரல்லதான் இருக்குதுங்களா? ஆலைக்காரன் கிட்டச் சொல்லோணும், சம்பளத்தோட சக்கரையுஞ் சேத்திக் குடுக்கறானாட்ட இருக்குதுன்னு."

கடையே சிரித்தது. அதற்கப்புறம் மெஷின் கேட்டு யார் வந்தாலும் "அக்காவைக் கேளுங்க" என்று என் பக்கம் அனுப்பினார்கள். மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று யார் சொன்னாலும், கை கழுவினீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி. பெரும்பாலும் அதுவே கடைசிக் கேள்வியாகவும் இருந்தது. மெஷின் தப்புச் செய்ய அந்த ஒரு வழிதான் உண்டு என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

என் மகள் ஜெனிக்குப் பதினோரு வயதில் சர்க்கரை வந்தது. இன்சுலின் ஊசி இல்லாமல் வாழ முடியாத வகை. அப்போது எங்கள் கடைக்கு ஒரு புதுக் கம்பெனியின் ரெப் வந்துபோய்க்கொண்டிருந்தார். மஞ்சள் நிறத்தில் சின்ன மெஷின், ரத்தச் சொட்டைத் தொட்டுப் பார்க்க அதில் செருகுகிற ஸ்டிரிப் தனி டப்பாவில். "அக்கா, ரெண்டு டப்பா ஸ்டிரிப் எடுத்தா மெஷின் சும்மா. உங்க பாப்பாவுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க" என்றார். டப்பாவும் மற்ற கம்பெனிகளைவிட மலிவு. எடுத்துக்கொண்டேன். நான் எடுத்ததைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். "நானே எம் பொண்ணுக்கு இதைத்தானுங்க வெச்சிருக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாங்கிவிடுவார்கள். இந்த வார்த்தையை நீங்களும் ஒருநாள் சொல்வீர்கள். சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

நம் ஊரில் மாத்திரையை வெட்டிக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். "ரெண்டு நாளைக்கு வெட்டிக் குடுங்க" என்று கேட்பார்கள், நாமும் கத்தரியை எடுப்போம். அட்டையில் ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனி அறையில் இருக்கிறது, வெட்டினால் கெட்டுப்போகாது. ஸ்டிரிப் அப்படியல்ல. ஐம்பதும் ஒரே டப்பாவில், ஈரம் புகாத மூடிக்குள் இருக்கின்றன. மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா முதன்முதலாகக் கேட்டார்கள்: "அம்பது என்னத்துக்குங்க கண்ணு? வாரத்துக்கு ஒருக்காதான் பாக்கறேன். ஒரு பத்து மட்டும் குடுத்துருங்க." பாவமாக இருந்தது. டப்பாவைத் திறந்து பத்தை எண்ணி, மாத்திரை போடும் பேப்பர் கவரில் போட்டு, மடித்து, பின் அடித்துக் கொடுத்தேன். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அதற்கப்புறம் அது எங்கள் கவுன்ட்டரின் வழக்கமாகிவிட்டது. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானாகத் தொடங்கியது. ஐந்து, பத்து, பதினைந்து என்று கவரில் மடித்து டிராயரில் தயாராகவே வைத்திருந்தோம். டப்பாவின்மேல் ஈரம் படாமல் வைக்கச் சொல்லி அச்சடித்திருப்பதை நான் படிக்காதவள் அல்ல. பேப்பர் கவருக்குள் ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். மழைக்காலத்தில் நம் கடை டிராயரில் உப்பு வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்திருந்தால் போதும்.

நாலு வருடத்தில் அந்தக் கம்பெனி வருவதை நிறுத்திக்கொண்டது. ரெப் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஸ்டிரிப் வரத்து நின்றது. கையிருப்பு தீர்ந்து, டிராயரில் பேப்பர் கவர்கள் மட்டும் மிஞ்சின. மெஷினோ நல்ல நிலையில் இருக்கிறது. புதுசு வாங்கினால் இதைத் தூக்கிப் போடவேண்டும், மனசு வரவில்லை. முதலாளியிடம் கேட்டு, மிச்சமிருந்த கவர்களை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். இது தீரட்டும், பிறகு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று.

அப்போது ஜெனி பத்தாம் வகுப்பு. பேப்பர் கவர் ஸ்டிரிப்பைப் பயன்படுத்தத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரத்தில் நாலு முறை "அம்மா, லோ மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லியிருந்தாள். சர்க்கரை குறைந்தால் அவள் ஏதாவது இனிப்பாகச் சாப்பிடலாம், சாப்பிட வேண்டும். நாலு முறையும் மெஷினில் பார்த்தோம். நாலு முறையும் நூற்றெண்பதுக்குக் குறையாமல் காட்டியது. "சாக்லேட் வேணும்னா சாக்லேட் வேணும்னு சொல்லு. லோன்னு பொய் சொல்லாத அம்மணி" என்றேன். நாலாவது முறை அவள் அழுதாள். பிடிவாதத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டே போய்ப் பழைய சோற்றைத் தயிர் ஊற்றிச் சாப்பிட்டாள். அவளை அன்றைக்குக் காப்பாற்றியது அந்தச் சோறுதான் என்று இப்போது தெரிகிறது.

அந்தச் சனிக்கிழமை பள்ளியில் சிறப்பு வகுப்பு, அதற்குப் பிறகு த்ரோபால் பயிற்சி. எனக்கு வார விடுமுறை. வீட்டுக்காரர் வேலை விஷயமாக ஈரோடு போயிருந்தார். நாலு மணிக்கு ஜெனி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. கை நடுங்கியது.

"அம்மா, லோ மாதிரி இருக்குதுங்க."

"வெளையாண்டுட்டு வெயில்ல வந்தா அப்படித்தான் இருக்கும். பாத்தர்லாம் இரு."

பார்த்தேன். 258. கவுன்ட்டர்க்காரியின் புத்தி உடனே வேலை செய்தது. "போய்க் கையக் கழுவிட்டு வா" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கழுவிவிட்டு வந்தாள். துடைத்து, வேறு விரலில் பார்த்தேன். 246.

ரெண்டு தடவை பார்த்தாகிவிட்டது, கையும் கழுவியாகிவிட்டது, ரெண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இனி என்ன சந்தேகம்? இப்படித்தான் நினைத்தேன். ஒரே கவரில் ஈரம் குடித்துக் கெட்டுப்போன இரண்டு ஸ்டிரிப் ஒரே பொய்யை இரண்டு தடவை சொல்லும் என்பது இருபத்தோரு வருடம் மருந்துக்கடையில் நின்றவளுக்குத் தோன்றவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த அட்டை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. இருநூற்று ஐம்பதை ஒட்டி இருந்தால் கூடுதலாக இரண்டு யூனிட்.

ஜெனி ஊசியைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டாள். "போடாதீங்கம்மா. எனக்குத் தெரியுதுங்க. வேண்டாமுங்க."

"உனக்குத் தெரியறது மெஷினுக்குத் தெரியாதா?" என்றேன்.

போட்டுவிட்டேன்.

அப்படியே படுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். எதிர்வீட்டு சரசு அக்கா மாடியில் நின்று ஏதோ கேட்டார், பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழே வந்து துணியை மடித்தேன். நாலே முக்கால் இருக்கும். "ஜெனி, எந்திரிச்சு மூஞ்சி கழுவு" என்றேன். பதில் இல்லை. கிட்டப் போய்த் தொட்டேன். உடம்பு சில்லென்று நனைந்து கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

நான் போட்ட சத்தத்தில் சரசு அக்கா ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்து ஜெனியின் வாயில் ஊற்றப் போனார். டம்ளரைத் தட்டிவிட்டேன். நினைவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குப் போகும். அன்றைக்கு நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். 108க்குக் கூப்பிட்டுவிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். சரசு அக்கா, "சக்கரை ஜாஸ்தின்னுதான ஊசி போட்டே? அப்பறம் ஏன் இப்படிக் கெடக்கறா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மருந்து படித்தவள் நான். அந்தக் கேள்வியை அவர் கேட்கும்வரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆம்புலன்ஸில் வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. உள்ளே வந்த வேகத்தில் தன் மெஷினை எடுத்து ஜெனியின் விரலில் குத்திப் பார்த்தாள்.

"முப்பத்தாறுங்க. இவங்க எப்ப இன்சுலின் போட்டாங்க?"

"நான் போட்டேன். இருநூத்தி அம்பத்தெட்டு இருந்துதுங்க."

அந்தப் பெண் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். நரம்பைத் தேடிக் குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கினாள். பீளமேட்டுச் சிக்னலைத் தாண்டும்போது ஜெனியின் விரல்கள் அசைந்தன. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது, "அம்மா, குளுருதுங்க" என்றாள்.

அவள் பிழைத்துக்கொண்டாள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். ஆனால் இந்த விஷயத்தில் நல்லபடியாக முடிந்தது என்ற வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. அவளுக்கு நல்ல மெஷின் வாங்கிக் கொடுத்தேன். ஸ்டிரிப் ஒவ்வொன்றும் தனித்தனி அலுமினியத்தாள் உறையில் வருவது. சர்க்கரை பார்க்கும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். எண் எவ்வளவு என்று கேட்டால், "பார்த்துக்கிட்டேங்க" என்கிறாள். கோபமாகச் சொல்வதில்லை. கோபமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வருடம் வேலை பார்த்தேன். மெஷின் கேட்டு வருகிறவரிடம் முதலில் மெஷினைக் காட்டுவதை நிறுத்தினேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்ப்பீர்கள், ஊசியா மாத்திரையா, வீட்டில் கண் நன்றாகத் தெரிகிறவர் யார் என்று கேட்பேன். மலிவு என்பது பெட்டியின்மேல் இருக்கிற விலை இல்லை. மெஷினை ஒருமுறைதான் வாங்குகிறார்கள், ஸ்டிரிப்பை வருடக்கணக்கில் வாங்கவேண்டும். அந்த ஸ்டிரிப் நம் கடையில் மட்டும் கிடைத்தால் போதாது, அவர்கள் ஊர்க் கடையிலும் கிடைக்க வேண்டும். அடுத்த வருடமும் கிடைக்க வேண்டும். சும்மா கொடுக்கிற மெஷினுக்கு அந்த உத்தரவாதம் இருக்கிறதா என்று ரெப்பைக் கேளுங்கள். அவர் சிரித்துப் பேச்சை மாற்றினால், அதுதான் பதில். வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறவருக்கு ஐம்பது ஸ்டிரிப் இருக்கிற டப்பாவைத் தலையில் கட்டாதீர்கள், அது பாதியில் காலாவதியாகும். அதற்காக என்னைப் போலப் பிரித்தும் கொடுக்காதீர்கள். சின்ன டப்பா வருகிறது, தனி உறையில் வருகிறது, கொஞ்சம் விலை கூட. ஏன் கூட என்று பொறுமையாகச் சொல்லுங்கள். டப்பா திறந்த தேதியை அதன்மேல் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். வண்டிப் பெட்டிக்குள் வைத்து வெயிலில் கொண்டுபோகாதீர்கள் என்று சொல்லுங்கள். லேபில் ரத்தம் கொடுக்கிற அன்றைக்கு அதே நேரத்தில் வீட்டு மெஷினிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்றைக் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். மெஷின் ஒன்று சொல்லி, உடம்பு வேறொன்று சொன்னால், ஊசி போட்டுக்கொண்டிருக்கிறவர் வேர்த்து நடுங்கி லோ என்று சொன்னால், நினைவு இருக்கும்போதே சர்க்கரையைக் கொடுத்துவிட வேண்டும். ஊசியைத் தொடக்கூடாது. எண்ணைப் பற்றிய சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை கொஞ்ச நேரம் கூடினால் குறைத்துக்கொள்ள முடியும்.

பேப்பர் கவரில் வாங்கிப்போனவர்களை ஒவ்வொருவராகத் தேடினேன். நினைவில் வந்தவர்களுக்கு ஃபோன் செய்தேன், சிலர் வீட்டுக்கே போனேன். சிலர் அந்த மெஷினை எப்போதோ மூட்டை கட்டிவிட்டார்கள். ஒருவர், "அதனாலதானுங்களா டாக்டரு என்ற மாத்திரையக் கூட்டிப்போட்டாரு?" என்று கேட்டார். கும்பிட்டுவிட்டுப் போன அந்த மில் அம்மாவை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. பெயர் தெரியாது. சௌரிபாளையம் பக்கம் என்று ஒருமுறை சொன்ன ஞாபகம், அவ்வளவுதான். கோயில் வாசலில் அவர் வயதுப் பெண்கள் இறங்கி வரும்போது இப்போதும் முகத்தைப் பார்க்கிறேன்.

அவர்களைத் தேடவேண்டும் என்று எனக்கே தோன்றியது என்று சொன்னால் அது பொய். அன்று மாலை ஆஸ்பத்திரியில் என் மகளைத் தவிர வேறு யாரும் என் நினைவில் இல்லை. ஆறரை மணிக்கு வீட்டுக்காரர் ஈரோட்டிலிருந்து நேராக வந்தார். ஜெனியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பணியில் இருந்த சின்ன டாக்டர், பெரிய டாக்டர் வந்து பார்த்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார்.

ஏழேகாலுக்கு அவர் வந்தார். அறுபது வயதுப் பெண்மணி. ஏதோ கல்யாண வரவேற்பிலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கவேண்டும், பட்டுப்புடவையின்மேல் வெள்ளைக் கோட்டு. ஜெனியிடம், "என்ன கண்ணு, எங்க எல்லாரையும் ஓட வெச்சுட்டியா?" என்று சிரித்தார். கண்ணை விரித்துப் பார்த்தார், கையை அழுத்தச் சொன்னார், இன்றைக்குக் கிழமை என்ன என்று கேட்டார். அவள் சனி என்றாள். டாக்டர் தலையாட்டிவிட்டு, மெஷினை எடுத்து வந்தீர்களா என்று என்னைக் கேட்டார். மஞ்சள் மெஷினையும் பேப்பர் கவரையும் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மெஷினை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கவரைப் பிரித்து, ஒரு ஸ்டிரிப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கவரில் மடிப்பும் பின்னும் இருந்த இடத்தை விரலால் தடவினார்.

"இதை யாருங்க இப்படி மடிச்சுக் குடுத்தது?"

ஜெனி என்னைப் பார்த்தாள். வீட்டுக்காரரும் பார்த்தார்.

"ஒரு மெடிக்கல்லங்க" என்றேன்.

டாக்டர் கவரை மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

"அங்க நிக்கறவங்களை ஒருநாள் எங்கிட்டக் கூட்டிட்டு வாங்க. திட்டறதுக்கில்லீங்க. இந்த மாதிரி எத்தனை பேருக்கு மடிச்சுக் குடுத்தாங்கன்னு தெரியோணும். அவங்க ஊட்டுலயும் இந்நேரம் யாரோ ஒருத்தர் லோன்னு சொல்லிட்டிருப்பாங்க, இன்னொருத்தர் மெஷினப் பாத்துட்டு இல்லைன்னு சொல்லிட்டிருப்பாங்க."